சுதந்திரம் பேசிய பண்ணையார்

லண்டன் மாநகரிலே, தேம்ஸ் ஆற்றங்கரையிலே, 'டவர்' என்றொரு பழங்கோட்டை நிற்கிறது. மன்னனுக்கு ஆகாதவர்களைப் பூட்டி வைக்கும் சிறையாகப் பல நூறு ஆண்டு பயன்பட்ட கோட்டை அது. அரசிகளின் தலையே அங்கு உருண்டிருக்கிறது. 1780-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் நாள் அந்தக் கோட்டைக்குள் ஓர் அமெரிக்கரைக் கொண்டு போனார்கள். குற்றச்சாட்டு, ராஜத்துரோகம். வயது ஐம்பத்தாறு. உடம்பிலே கீல்வாதம். பேனாவும் மையும் கொடுக்க மறுத்தார்கள். பென்சில் துண்டை வைத்துக்கொண்டு எழுதினார். பதினைந்து மாதம் ஆகப் போகிற வரையில் உள்ளேயே கிடந்தார். 

இடையிலே ஒரு வேடிக்கை. அவரைக் காவல் காத்த வார்டர்கள் இருவருக்கும் கூலி 97 பவுன் 10 ஷில்லிங் ஆகிறது, அதை நீர்தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்களாம்! பூட்டுவது நீங்கள், பூட்டியதற்குக் கூலி நானா என்று மறுத்துவிட்டார் அந்தக் கைதி.

சபாஷ் என்று கை தட்டத் தோன்றுகிறதல்லவா? தட்டுங்கள். தட்ட வேண்டிய இடம்தான். ஆனால் 1781 டிசம்பர் 31-ம் நாள் அவருக்கு ஜாமீன் கட்டி வெளியே அழைத்து வந்தவர் யார் என்பதையும் தெரிந்துகொண்டு தட்டுங்கள்.

கைதியின் பெயர் ஹென்றி லாரன்ஸ். தென் கரோலினாவின் பெரும் பண்ணையார். 1777 நவம்பர் 1 முதல் 1778 டிசம்பர் 9 வரை அமெரிக்கக் காங்கிரசின் தலைவராக வீற்றிருந்தவர். ஜாமீன் கட்டியவர் ரிச்சர்டு ஆஸ்வால்ட். லண்டன் வியாபாரி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலே, சியரா லியோன் ஆற்றிலே, பான்ஸ் தீவு என்று ஒரு தீவு உண்டு. அடிமைகளைப் பிடித்துக் கொண்டுவந்து அடைத்து வைத்து, கப்பலேற்றி விற்கும் கோட்டை அங்கே இருந்தது. 1748 முதல் அந்தக் கோட்டைக்குப் பங்குதாரர்களில் ஒருவர் இந்த ஆஸ்வால்ட். அங்கிருந்து கப்பல் ஏற்றியவர் ஆஸ்வால்ட். இங்கே இறக்கி விற்றுக் கொடுத்தவர் லாரன்ஸ். நட்பு பிறந்த இடம் அது. சரக்கு மனிதர்கள்.

தோழர்களே, இந்த லாரன்சின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பேசப் போகிறோம். கொடியவன் ஒருவனின் கதையாக இருந்தால் நாம் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்க மாட்டோம். கொடியவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? இவர் நல்லவர். படித்தவர். வாக்குத் தவறாத வியாபாரி. அடிமைத்தனம் தீது என்று தம் கைப்படவே எழுதி வைத்தவர். அதனால்தான் பேசுகிறோம்.

1724-ல் சார்லஸ்டன் துறைமுக நகரில் பிறந்தார். அந்நாளில் அதற்குச் சார்லஸ் டவுன் என்று பெயர். தகப்பனார் குதிரைச் சேணம் செய்கிற தொழிலாளி. பிறகு கடை வைத்துப் பொருள் சேர்த்தவர். குடும்பம் பிரான்சிலிருந்து வந்தது. அந்நாட்டு மன்னன் புராட்டஸ்டண்டுகளை வேட்டையாடிய காலத்தில், மதத்துக்காக ஊரையும் உடைமையையும் விட்டு ஓடிவந்த அகதிகளின் வழி வந்தவர்கள். அடக்குமுறை என்றால் என்ன என்று அந்த வீட்டுக்குப் பாடம் சொல்லத் தேவையில்லை.

இளைஞர் லாரன்ஸ் லண்டனுக்குப் போய் வியாபாரம் பழகினார். 1747-ல் தகப்பனார் இறந்ததும், ஜார்ஜ் ஆஸ்டின் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடை நடத்தினார். அரிசி, அவுரி நீலம், மான் தோல் ஆகியவற்றை ஏற்றுமதி செய்தது அந்தக் கம்பெனி. இறக்குமதியிலே ரம், சீனி, துணி, அடிமைகள். 1750-களில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்தக் கம்பெனியின் கை வழியாக விற்கப்பட்டார்கள். எட்டாயிரம் மூட்டை அல்ல, தோழர்களே, எட்டாயிரம் பேர்! விற்ற விலையில் தரகு கம்பெனிக்கு. இந்தத் தரகுதான் லாரன்சை அந்த மாகாணத்தின் முதல்தரச் செல்வர்களில் ஒருவராக்கியது.

நெல்லும் உரலும்

தென் கரோலினாவுக்கு எதற்கு அவ்வளவு அடிமைகள்? நம் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே விளைந்தது நெல்! அந்நாட்டில் பேர்பெற்ற ஒரு நெல்வகைக்குப் பெயரே 'கரோலினா பொன்'.

ஆற்றோரச் சதுப்பு நிலம். காடாக நிற்கும் சைப்ரஸ் மரங்களை வெட்டி, வேரைத் தோண்டி, கரை எடுத்து, மதகு வைத்து, நீரை உள்ளே விட்டும் வெளியே வடித்தும் பயிர் செய்ய வேண்டும். முழங்கால் அளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் களை கொத்த வேண்டும். ஆள் ஒன்றுக்குக் கால் ஏக்கர் என்று வேலையை அளந்து விடுவார்கள். முடித்தால்தான் கரை ஏறலாம். கொசு உண்டு, பாம்பு உண்டு, மலேரியா உண்டு. அறுத்து, அடித்து, தூற்றிய பிறகும் வேலை தீராது. அவ்வளவு நெல்லையும் மரத்தில் குடைந்த உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். விடியுமுன் குத்து, பொழுது சாய்ந்த பிறகும் குத்து. உமி போகவேண்டும், அரிசி உடையக் கூடாது. உடைந்தால் விலை இல்லை. உலக்கை பிடித்த கை எப்படி இருக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் தெரியும். அந்த உரல் வேலைதான் எல்லாவற்றிலும் கொடுமை என்று அக்காலத்து எழுத்துகளே சொல்லுகின்றன.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கரோலினா வெள்ளையனுக்கு நெற்பயிர் தெரியாது. பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவனுக்கு நாற்று ஏது, மதகு ஏது? சியரா லியோன், காம்பியா பக்கத்து மக்களோ தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள். ஆகவே அந்தக் கரையிலிருந்து வரும் ஆட்களுக்குச் சார்லஸ்டன் சந்தையில் கூடுதல் மதிப்பு. லாரன்ஸ் தம் கடிதங்களில், எந்தக் கரை ஆள் இங்கே நல்ல விலைக்குப் போவான், எந்தக் கரை ஆளை அனுப்பவேண்டாம் என்றெல்லாம் கப்பல்காரர்களுக்கு எழுதியிருக்கிறார். உழவைக் கற்றுக் கொடுத்தவன் அடிமை. கற்றுக் கொண்டவன் எஜமான்!

1756-ம் ஆண்டு ஜூன் மாதம், 'ஹேர்' என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சார்லஸ்டனுக்கு வந்தது. விற்றுக் கொடுத்தது லாரன்ஸ் கம்பெனி. வாங்க வந்தவர்களில் ஒருவர் எலியாஸ் பால் என்ற பண்ணையார். லாரன்சின் மனைவி எலியனாரின் அண்ணன், அதாவது மைத்துனர். அவர் ஆறு குழந்தைகளை வாங்கினார். நான்கு சிறுவர், இரண்டு சிறுமியர். எல்லோருக்கும் வயது ஆறிலிருந்து பத்துக்குள். பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பிரிசில்லா என்று பெயர் வைத்துக் கணக்கிலே எழுதினார். அந்தக் குழந்தையைப் பெற்ற தாய் அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாளோ, அது கணக்கில் இல்லை. பிரிசில்லா அந்தப் பண்ணையிலேயே வளர்ந்தாள். பத்துப் பிள்ளைகள் பெற்றாள். 1811-ல் இறந்தாள், அடிமையாகவே. பண்ணையார் வீட்டார் கணக்குப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருந்தபடியால், ஏழு தலைமுறை கடந்து அவளுடைய சந்ததியார் யார் என்று பின்னாளில் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்களில் ஒரு பெண்மணி 2005-ல் சியரா லியோனுக்குப் போனபோது, ஊரே திரண்டு வந்து வரவேற்றது. நாம் வாசித்த எத்தனையோ செய்திகளில் இது ஒன்று மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது.

1760-களின் முற்பகுதியிலே லாரன்ஸ் அடிமை வியாபாரத்திலிருந்து படிப்படியாக விலகினார். மனம் மாறிவிட்டதா? கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் விலகிய கையோடு செய்தது என்ன? 1762-ல் கூப்பர் ஆற்றங்கரையிலே மெப்கின் என்ற 3,000 ஏக்கர் பண்ணையை வாங்கினார். ஜார்ஜியாவிலும் நிலம் வாங்கினார். விற்பதை நிறுத்தியவர் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு எஜமானர் ஆனார்.

அரசியலுக்கு அவர் வந்த விதமும் கேட்கத்தக்கது. முதலில் அவர் மன்னரின் விசுவாசி. 1765-ல் பிரிட்டிஷ் சர்க்கார் முத்திரைத்தாள் வரி போட்டபோது, கொதித்தெழுந்த கூட்டம் அந்த ஆண்டு அக்டோபரில் இரவோடு இரவாக அவருடைய வீட்டுக்குள்ளேயே புகுந்து, முத்திரைத்தாளை ஒளித்து வைத்திருக்கிறாரா என்று தேடியது. அவரைக் கலகக்காரராக்கியது பிறகு நடந்த ஒரு சச்சரவு. சுங்க அதிகாரி டேனியல் மூர் என்பவன் லாரன்சின் கப்பல்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தொல்லை கொடுத்தான். 1767-ல் ஒருநாள் பலர் பார்க்க அந்த அதிகாரியின் மூக்கைப் பிடித்துத் திருகிவிட்டார் லாரன்ஸ்! புரட்சிக்குப் பல வாசல்கள். சிலர் தத்துவத்தின் வழியே நுழைவார்கள். இவர் சுங்கச் சாவடியின் வழியே நுழைந்தார்.

அந்த முத்திரைத்தாள் காலத்திலே நடந்த இன்னொரு நிகழ்ச்சியை லாரன்சே கடிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஊரெங்கும் வெள்ளையர்கள் "சுதந்திரம்! சுதந்திரம்!" என்று கூவிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த அடிமைகள் சிலர், 1766 ஜனவரியில், தாங்களும் "சுதந்திரம்!" என்று கூவினார்கள். அவ்வளவுதான். ஊரே நடுங்கிப் போயிற்று. ஆயுதம் தாங்கிய காவல் போட்டார்கள். இரவும் பகலும் குதிரைப்படை ரோந்து சுற்றியது. ஒரே சொல்! வெள்ளையன் வாயிலிருந்து வந்தால் உரிமைக் குரல். கறுப்பன் வாயிலிருந்து வந்தால் கலகம்.

1775 வந்தது. போர் மூண்டுவிட்டது. தென் கரோலினாவின் மாகாணக் காங்கிரசுக்கு லாரன்ஸ் தலைவர். பாதுகாப்புக் கமிட்டிக்கும் தலைவர். அந்த ஊரிலே தாமஸ் ஜெரமையா என்றொரு கறுப்பர் இருந்தார். அடிமை அல்லர், சுதந்திர மனிதர். மீன் பிடிப்பவர், துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமி. தம் உழைப்பால் சொத்துச் சேர்த்தவர். அந்த மணல் திட்டுகளுக்கிடையே கப்பல் ஓட்ட அவரைப் போல் தெரிந்தவர் வேறில்லை. அதுவே வினையாயிற்று. பிரிட்டிஷ் கப்பல்களை உள்ளே அழைத்துவரப் போகிறான், அடிமைகளைத் தூண்டிவிடுகிறான் என்று பழி. சுதந்திர மனிதர் என்றாலும் அடிமைகளுக்கான சட்டப்படி விசாரணை. வெள்ளைக்கார கவர்னர் வில்லியம் காம்பெல், சாட்சியம் போதாது, கொல்லாதீர்கள் என்று மன்றாடினார். மன்னிப்புக் கொடுத்தால் உம் வாசலிலேயே தூக்குமரம் நடுவோம் என்று மிரட்டினார்களாம். கவர்னரே எழுதி வைத்திருக்கிறார். 1775 ஆகஸ்டு 18-ம் நாள் ஜெரமையாவைத் தூக்கிலிட்டு, உடலை எரித்தார்கள். லாரன்ஸ் கை ஓங்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. குற்றவாளி என்பதில் தமக்கு ஐயமே இல்லை என்று மகனுக்கு எழுதினார்.

மன்னனின் கையாள் கறுப்பருக்காக வாதாடுகிறான். சுதந்திரக் கட்சித் தலைவர் தூக்குமரத்தின் பக்கம் நிற்கிறார். கவர்னர் உத்தமர் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் சேவித்த சாம்ராஜ்யம்தான் அந்த மக்களைக் கப்பலேற்றிய சாம்ராஜ்யம். ஆனால் நடந்தது இது.

இது நடந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 1776 ஆகஸ்டு 14. சுதந்திரப் பிரகடனம் சார்லஸ்டனுக்கு வந்து சேர்ந்த சமயம். லண்டனிலே சட்டம் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் ஜான் லாரன்சுக்குத் தகப்பனார் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அடிமைத்தனத்தை நான் வெறுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும் என்கிறார். என்னிடம் உள்ளவர்களை நாளைக்கே ஏலத்தில் விட்டால் 20,000 பவுன் தேறும் என்கிறார். அவர்களை அடிமைகளாக்கியது நான் அல்ல, அந்தப் பெருமை இங்கிலாந்துக்காரர்களுக்கு என்கிறார். எட்டாயிரம் பேருக்குத் தரகு வாங்கியவர் எழுதுகிறார் இதை! பலரை விடுவிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது, வழக்கம் குறுக்கே நிற்கிறது, ஊராரின் பேராசையோடு என் பேராசையும் குறுக்கே நிற்கிறது என்கிறார். இவ்வளவு சொத்தை இழக்கச் செய்தால் என் பிள்ளைகள் என்னை என்ன சொல்வார்கள் என்றும் கேட்கிறார்.

அந்தக் கடிதத்தைப் பொய் என்று நாம் தள்ளமாட்டோம். மனிதர் உண்மையாகவே தவித்திருக்கிறார். "என் பேராசை" என்று ஒப்புக்கொள்ளும் பண்ணையார்கள் எத்தனை பேர்? ஆனால் வெறுப்பதாகச் சொல்லுகிற அதே மூச்சிலே ஏலத்தின் விலையும் வந்து விழுகிறதே, அதைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம்.

மகன் கேட்ட பங்கு

பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாரல்லவா? மூத்த பிள்ளை பதில் சொன்னான்.

ஜான் லாரன்ஸ் நாடு திரும்பி, 1777-ல் வாஷிங்டனின் மெய்த்துணை அதிகாரியாகச் சேர்ந்தான். 1778 ஜனவரியில் தகப்பனாருக்கு எழுதினான்: சொத்திலே என் பங்குக்கு வரவேண்டிய ஆட்களை இப்போதே என்னிடம் ஒப்படையுங்கள்; அவர்களைக் கொண்டு ஒரு படை திரட்டுகிறேன்; போரிட்டு முடித்ததும் அவர்கள் விடுதலை பெறட்டும். வயது இருபத்து மூன்று! காங்கிரஸ் தலைவரின் பிள்ளை, தகப்பன் சொத்தில் பங்கு கேட்டது இப்படி.

தகப்பனார் திகைத்தார். உன்னை ஆதரிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்றார். பழகிய வாழ்க்கையிலிருந்து பிரித்துப் போர்க்களத்துக்கு இழுத்தால் அந்த ஆட்களே அதைக் கொடுமை என்று எண்ணக்கூடும் என்றார். ஆனால் மகனுக்கு நியாயம் செய்வதென்றால் இதையும் சொல்லவேண்டும்: ஓராண்டு கழித்து, பிரிட்டிஷ் படை தெற்கே புகுந்தபோது, தகப்பனாரும் அந்தத் திட்டத்தின் பக்கம் வந்தார். 1779 மார்ச் 29-ல் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் 3,000 கறுப்பர்களைப் படையில் சேர்க்கலாம். எஜமானனுக்கு ஆள் ஒன்றுக்கு 1,000 டாலர் வரை ஈடு. போர் முடிந்து துப்பாக்கியை ஒப்படைக்கும் ஆளுக்கு விடுதலையும் 50 டாலரும்.

தென் கரோலினா சட்டசபை என்ன செய்தது? தூக்கி எறிந்தது. ஜான் மறுபடியும் கொண்டு போனான், மறுபடியும் தோல்வி. 1782-ல் கடைசி முறை, அப்போதும் அதேதான். ஊர் பிரிட்டிஷ்காரன் கையில், கவர்னருக்கு உட்கார இடமில்லை. ஆனாலும் அடிமையை விடமாட்டார்களாம். அது போகட்டும். அந்த மாகாணத்துத் தளபதி சம்ட்டர் 1781-ல் ஆள் சேர்த்த முறை தெரியுமா? படையில் சேருகிற வெள்ளையருக்குச் சம்பளமாக அடிமையைக் கொடுப்பது! சுதந்திரப் போருக்கு அடிமைக் கூலி.

1782 ஆகஸ்டு 27. பெரும்போர் முடிந்துவிட்டது. கம்பாகி ஆற்றங்கரையிலே அரிசி தேடி வந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றோடு நடந்த சிறு கைகலப்பில் ஜான் லாரன்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டான். இருபத்தேழு வயது. அந்த நெல்லுக்காகவே அவன் உயிரும் போயிற்று.

கடலில் எறிந்த பை

லாரன்ஸ் எப்படி டவர் கோட்டைக்குப் போனார் என்பதை இன்னும் சொல்லவில்லை. டச்சுக்காரரிடம் கடன் வாங்கிவர அவரை ஹாலந்துக்கு அனுப்பியது காங்கிரஸ். 1780 செப்டம்பர் 3-ல் நியூபவுண்ட்லாந்துக்கு அருகே பிரிட்டிஷ் போர்க்கப்பல் மறித்தது. கையிலிருந்த காகிதங்களை ஒரு பையில் போட்டுக் கடலில் எறிந்தார். பை உடனே முழுகவில்லை! கொக்கி போட்டு இழுத்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் டச்சுக்காரரோடு செய்யவிருந்த உடன்படிக்கையின் நகல் ஒன்று. கிடைத்தது சாக்கு. அந்த ஆண்டு டிசம்பரில் ஹாலந்தின்மேல் போர் தொடுத்தது பிரிட்டன். காரணங்கள் வேறும் பல உண்டு. ஆனால் வெளியே காட்டியது அந்தப் பையைத்தான். அந்தப் போரின் அலை நம் கரையிலும் வந்து மோதியது. 1658 முதல் டச்சுக்காரர் வசமிருந்த நாகப்பட்டினத்தை 1781 நவம்பரில் பிரிட்டிஷ் படை பிடித்தது. 1784 உடன்படிக்கையில் அதைத் தனக்கே வைத்துக்கொண்டது. 1782 ஜனவரியில் திரிகோணமலை. அட்லாண்டிக் கடலில் மிதந்த ஒரு பையின் கதை நாகைத் துறைமுகம் வரைக்கும் நீண்டிருக்கிறது.

இன்னொரு வினோதம். டவர் கோட்டைக்குப் பெயரளவில் தலைமைக் காவலர் பதவி ஒன்று உண்டு. அந்தப் பதவியை அப்போது வகித்தவர் காரன்வாலிஸ் பிரபு. அவர் அமெரிக்காவில் போரிட்டு, 1781 அக்டோபரில் யார்க் டவுனில் சரணடைந்தார். சரணாகதி நிபந்தனைகளைப் பேசி முடித்த அமெரிக்கத் தூதர் யார்? ஜான் லாரன்ஸ். காவலர் பிள்ளையிடம் கைதி. தகப்பன் காவலரின் கோட்டையில் கைதி! கடைசியில் 1782-ல் லாரன்சுக்குக் காரன்வாலிஸ் என்று கைதி மாற்றி முடித்தார்கள். அப்படி விடுபட்ட காரன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-ல் திப்புவின் ராஜ்யத்தில் பாதியைப் பறித்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி வசமானது அப்போதுதான். மறு ஆண்டு வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிரந்தர நிலவரித் திட்டம் போட்டவரும் அவரே.

ஒரே ஒரு வரி

இப்போது சமாதானப் பேச்சுக்கு வருவோம். பாரிஸ் நகரம், 1782 நவம்பர். அமெரிக்காவுக்காக பிராங்க்ளின், ஆடம்ஸ், ஜே. நான்காவது தூதர் லாரன்ஸ். மகன் இறந்த செய்தி அந்த மாதத்தில்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. கடைசி நேரத்தில், நவம்பர் 29-ல், வந்து சேர்ந்தார். எதிரே, பிரிட்டிஷ் மன்னருக்காகப் பேச வந்தவர் யார் தெரியுமா? ரிச்சர்டு ஆஸ்வால்ட். ஆம், அதே ஆஸ்வால்ட். பான்ஸ் தீவு ஆஸ்வால்ட். பழைய பங்காளிகள் இருவரும் மேஜைக்கு இரு பக்கம்.

உடன்படிக்கை ஏறத்தாழ எழுதி முடிந்திருந்தது. லாரன்ஸ் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். பிரிட்டிஷ் படை வெளியேறும்போது நீக்ரோக்களையோ வேறு சொத்தையோ தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆஸ்வால்ட் தடை சொல்லவில்லை. மற்றவர்களும் சொல்லவில்லை. மறுநாள் நவம்பர் 30-ல் கையெழுத்தாயிற்று.

நாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறோம். அடிமைகளுக்கு விடுதலை கேட்டு மூன்று முறை சட்டசபைக்கு நடந்த மகன், மண்ணுக்குள் போய் மூன்று மாதம். அவனுக்காக அழுத கண்ணோடு தகப்பன் வந்து உட்கார்ந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லி வரி எழுதுகிறார். கல்நெஞ்சக்காரர் என்பதாலா? இல்லை. 1776-ல் கடிதம் எழுதிய அதே மனிதர்தான். தம் வகுப்பாரின் சொத்தைக் காப்பாற்றும் வேலைக்கு வந்தபோது, கை தானாக அந்த வரியை எழுதியது.

அந்த ஒரு வரி எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது என்பதைப் பாஸ்டன் கிங் என்ற தச்சர் எழுதி வைத்திருக்கிறார். சார்லஸ்டனுக்கு அருகே ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்து, தச்சு வேலை பழகப் போன இடத்தில் அடிபட்டு, கடைசியில் பிரிட்டிஷ் படைப்பக்கம் ஓடிப்போனவர் அவர். வந்து சேருகிற அடிமைகளுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் தளபதிகள் அறிவித்திருந்தார்கள். போர் முடியும்போது நியூயார்க்கில் இருந்தார். சமாதானம் வந்ததாம், எல்லோரும் மகிழ்ந்தார்களாம். அடிமைகளை எஜமானர்களிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பியதும் கறுப்பு மக்களுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. தெற்கேயிருந்து எஜமானர்கள் கிளம்பி வந்து, தெருவிலேயே தங்கள் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள்.

1783 மே மாதம் வாஷிங்டன், பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்து அந்த வரியை நினைவூட்டினார். வாக்குக் கொடுத்து அழைத்தவர்களைக் காட்டிக் கொடுக்க முடியாது என்றார் கார்ல்டன். வேண்டுமானால் பெயரெழுதி வைக்கிறோம், பின்னால் பணமாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். பெயர், வயது, முன்னாள் எஜமானன் யார் என்று ஏறத்தாழ 3,000 பேரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கப்பலேற்றினார்கள். கப்பல்கள் நோவா ஸ்கோஷியாவுக்குப் போயின. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்து ஓடிவந்த ஹாரி என்பவரும் அதில் ஒருவர். தச்சர் பாஸ்டன் கிங் ஒருவர்.

லாரன்ஸ் 1785-ல் ஊர் திரும்பினார். 1787-ல் அரசியல் சட்டம் எழுதும் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள், போகவில்லை. மெப்கினிலே, போரில் சிதைந்த பண்ணையைச் சீர்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தில் தேடிக்கொண்டிருந்த 'வழி' கடைசி வரை அகப்படவே இல்லை. அவரால் விடுதலை பெற்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் நிலத்தோடு நிலமாக அடுத்த பிள்ளையின் கைக்குப் போனார்கள்.

1792 டிசம்பர் 8-ல் இறந்தார். தம் உடலைப் புதைக்கக் கூடாது, துணியில் சுற்றி முழுவதும் சாம்பலாகும் வரை எரிக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். நமக்கு இதில் புதுமை இல்லை; அந்த ஊருக்குப் பெரும் அதிசயம். அவர் மகள் மார்த்தா குழந்தையாயிருந்தபோது அம்மை கண்டு இறந்துவிட்டதாகக் கிடத்தி, ஜன்னல் வழியே காற்றுப் பட்டதும் உயிர் இருப்பது தெரிந்ததாம். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அன்றைக்குப் பிடித்தது அவரை. ஆற்றங்கரையிலே சிதை அடுக்கி எரித்தார்கள். மெப்கின் நிலம் பிறகு பல கை மாறி, 1949-ல் கிறிஸ்தவத் துறவிகளின் மடமாயிற்று.

அதே 1792. ஜனவரி மாதம் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பதினைந்து கப்பல்கள் புறப்பட்டன. பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 1,200 பேர். குளிரும் பசியும் தாங்காமல், கொடுப்பதாகச் சொன்ன நிலமும் வராமல், ஆப்பிரிக்காவுக்கே போகிறோம் என்று கிளம்பியவர்கள். மார்ச்சில் சியரா லியோனில் இறங்கி, காட்டை வெட்டி ஊர் கட்டினார்கள். ஊருக்கு வைத்த பெயர் பிரீ டவுன், சுதந்திரப் பட்டினம். ஹாரி இருந்தார். பாஸ்டன் கிங்கும் இருந்தார். வந்த சில நாளிலேயே காய்ச்சலுக்கு மனைவியைப் பறிகொடுத்தார். பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியரானார். அங்கிருந்து ஆற்றில் ஏறக்குறைய இருபது மைல் மேலே போனால் பான்ஸ் தீவு. ஆஸ்வால்ட் 1784-லேயே இறந்துவிட்டார். அவருடைய மருமகன்மார் கோட்டையை நடத்திக்கொண்டிருந்தார்கள். கப்பல்கள் அப்போதும் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின.